தலையில் ஏறிய மூன்றில் இரண்டு

“இருபத்தேழுக்குத் தலையில மூண்டில ரெண்டு ஏறி இரிக்காம். விடை என்னெண்டு ஸல்ஹா கேக்கிறா” என்றாள் றுக்கியா.

மஹ்ரூபின் வாயில் அப்போது பாதி இடியப்பம் இருந்தது. மற்றப் பாதி கையில் இருந்தது. மூதூரிலிருந்து லோஞ்ச் படகில் வந்திறங்கி, திருகோணமலைப் பட்டினத்தில் புதுமாப்பிள்ளையாகக் குடியேறி, வாசலில் கட்டிய வாழைமரம்கூட இன்னும் வாடி முடியவில்லை. அதற்குள் இப்படியொரு கேள்வி வரும் என்று தரகர் சொல்லவே இல்லை.

இந்தப் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்வீட்டுக்கு வருவார். வந்தவருக்கு ராஜ உபசாரம். ஹோலில் உள்ள பெரிய சாய்வுக் கதிரை அவருக்கு. ஆட்டு ஈரல் அவருக்கு. அவர் தும்மினால் வீடு முழுவதும் கஷாயம் கொதிக்கும். ஆனால் மனைவியின் தங்கை மட்டும் அவர் முன்னால் வந்து நிற்கமாட்டாள். ஹோலுக்கும் உள்வீட்டுக்கும் நடுவில் பூப்போட்ட சீலையொன்று தொங்கும். தங்கைக்கு ஏதும் கேட்கவேண்டுமென்றால் அந்தக் கேள்வி மனைவியின் வாயில் ஏறிச் சீலையைத் தாண்டி வரும். பதிலும் அதே வாயில் ஏறித் திரும்பிப் போகும். தபால் கந்தோரைவிடத் திறமான ஏற்பாடு.

ஸல்ஹா அந்த வருடம் ஜி.சி.ஈ. பரீட்சை எடுக்கிறாள். பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் பிள்ளைப்பேற்று லீவில் போய்விட்டார். பதிலுக்கு ஒருவரும் வரவில்லை. பார்த்து எழுதிவிடுவார்கள் என்ற பயத்தில், அட்சரகணிதப் புத்தகங்களின் கடைசியில் இருந்த விடைப் பக்கங்களையெல்லாம் டீச்சர் கிழித்து எடுத்துக்கொண்டே லீவில் போயிருந்தார். அந்தத் தாய்க்கு அவ்வளவு கடமையுணர்ச்சி.

மாமனார் அபூதாஹிர் துறைமுகத்து வாசலுக்குப் பக்கத்தில் கயிறும் நங்கூரமும் பெயின்ற்றும் விற்பவர். ஸல்ஹாவின் விஷயத்தில் அவருடைய தீர்ப்பு நங்கூரம் மாதிரி விழுந்து கிடந்தது. கணக்கில் சித்தியடைந்தால் அவள் ஆசிரியைக்குப் படிக்கலாம். இல்லாவிட்டால், வருடக்கணக்காகப் பெண் கேட்டுக்கொண்டிருக்கும் அரிசி ஆலை முதலாளியைக் கட்டவேண்டும். அந்த முதலாளிக்குத் தலையில் மயிர் குறைவு, அதை ஈடுசெய்ய வயிறு அதிகம். அவர் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தால் சாய்வுக் கதிரை தாங்காது என்று ஸல்ஹா சீலைக்குப் பின்னால் அழுதாளாம்.

“இனிக் கணக்கெண்டு வந்தா மருமகனைத்தான் கேக்கோணும். வேற ஒருத்தரும் வாய் துறக்கப்படாது” என்று அபூதாஹிர் மாப்பிள்ளை வந்த முதல் நாளே வீட்டுக்கு உத்தரவு போட்டிருந்தார். மருமகன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டி எண்ணிக் கணக்கெழுதும் கிளாக் அல்லவா. ‘கப்பல் கப்பலாக எண்ணுகிற மூளை’ என்று தரகர் அளந்துவிட்டிருந்தார். றுக்கியாவைப் பற்றித் தரகர் அளந்ததெல்லாம் அவள் அவிக்கும் வட்டிலாப்பத்தின் இனிப்பைப் பற்றி. மஹ்ரூபும் அதற்குமேல் எதையும் விசாரிக்கவில்லை.

உண்மையில் மஹ்ரூபுக்கும் அட்சரகணிதத்துக்கும் நெடுநாட் பகை. மூதூரில் அவனுக்குக் கணக்குப் படிப்பித்த வாத்தியார்மார் ஒருவர் பின் ஒருவராக மாற்றம் வாங்கிப் போனார்கள். ஒருவர் விவசாயத்துக்கே திரும்பினார். பெட்டி எண்ணுவதற்குக் கூட்டல் போதும் என்பதால் துறைமுகம் அவனை மன்னித்து ஏற்றுக்கொண்டது.

ஆனால் புதுமாப்பிள்ளை ‘தெரியாது’ என்று சொல்லலாமா? சாய்வுக் கதிரையில் சாய்ந்தபடி, ஈரலை மென்றபடி?

தலையில் மூன்றில் இரண்டு. தலையில் சுமை. துறைமுகத்து ஆள் சுமையைக் கண்டால் என்ன செய்வான்? இறக்குவான். மஹ்ரூப் மூன்றில் இரண்டைத் தலையிலிருந்து இறக்கி, இருபத்தேழோடு பெருக்கினான்.

“பதினெட்டு” என்றான்.

றுக்கியா சீலைப் பக்கம் வைத்த காலைத் திரும்ப எடுத்தாள்.

“பதினெட்டா?”

“ஓம். தலையில உள்ளத இறக்கிப் பெருக்கச் சொல்லு. அவ்வளவுதான்.”

“வடிவாத் தெரியும்தானே?”

“தெரியாமலா சொல்ற?”

அவள் அவனை ஒருமுறை பார்த்துவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு சீலைக்குப் பின்னால் போனாள். உள்ளே கொஞ்ச நேரம் குசுகுசுப்பு. பிறகு ஸல்ஹாவின் சிரிப்பு. பிறகு மாமியார் ஆமினா உம்மா ஒரு முட்டைப் பொரியலை அவசரமாகக் கொண்டுவந்து மருமகனின் பீங்கானில் வைத்தார். அறிவுக்கு உடனடிச் சம்பளம்.

அங்கேதான் பிழை தொடங்கியது. அந்த முட்டைப் பொரியலை அவன் சாப்பிட்டிருக்கக் கூடாது.

அடுத்த நாள் அயல்வீட்டு நஜ்முன் நிஸாவும் கொப்பியோடு வந்து சீலைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். வாய் ஓயாத பிள்ளை. சந்தை இரைச்சலிலும் இந்தப் பிள்ளையின் குரல் அதற்கு மேலால் கேட்கும். அவள் வந்தால் அந்தச் சின்னத் தெருவான ஒழுங்கை முழுவதும் வந்தமாதிரி. உண்மையிலேயே அதற்கடுத்த நாள் ஒழுங்கை முழுவதும் வந்தது. உள்வீட்டில் பாய் போதாமல் ஆமினா உம்மா படங்குச் சீலை விரித்தார்.

பதினாறின் தலையில் அரை என்று கேள்வி வந்தது. மஹ்ரூப் எட்டு என்றான். எட்டின் தலையில் மூன்றில் ஒன்று வந்தது. இரண்டும் மூன்றில் இரண்டும் என்றான். முப்பத்திரண்டின் தலையில் ஐந்தில் ஒன்று வந்தபோது அவனுக்கே கொஞ்சம் பெருமையாகிவிட்டது.

“ஆறும் அஞ்சில ரெண்டும்.”

“ஆறும்… அஞ்சில ரெண்டுமா?” றுக்கியா மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

“ஏன், பெருசா இரிக்கா? பெரிய இலக்கத்துக்குப் பெரிய விடைதானே வரும்.”

“மெய்தான்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் சீலையைத் தாண்டினால் திரும்பி வரக் கொஞ்சம் நேரமாகும். பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துகிறாள் என்று மஹ்ரூப் நினைத்தான். பிறகு உள்ளேயிருந்து எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து எதையோ ராகம் போட்டு ஓதுவார்கள். சொற்கள் பிடிபடாது. ‘தலையில் உள்ளதை இறக்கிப் பெருக்கு’ என்ற தன்னுடைய விதிதான் அது என்று அவன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பான்.

அபூதாஹிர் கடையில் கயிறு அளந்து கொடுத்ததைவிட மருமகனைப் பற்றி அளந்து கொடுத்ததே அதிகம். நங்கூரம் வாங்க வந்த மீன்பிடிகாரர் நங்கூரத்தை மறந்து மருமகனைப் பற்றிய சேதியோடு கிண்ணியாவுக்குத் திரும்பினார்கள். அங்கிருந்து அந்தச் சேதி மூதூருக்குப் போய்ச் சேர்ந்தபோது, மஹ்ரூபுக்குப் படிப்பித்து விவசாயத்துக்குத் திரும்பிய பழைய வாத்தியார் வயல் வரம்பிலேயே உட்கார்ந்துவிட்டாராம். சிலர் அவர் மயங்கி விழுந்ததாகவும் சொல்வார்கள்.

இத்தனைக்கும் நடுவில்தான் மஹ்ரூப் தன்னுடைய வித்தையைப் பாக்கியரத்தினத்திடம் அவிழ்த்தான். பாக்கியரத்தினம் அவனோடு பெட்டி எண்ணுகிற மற்றக் கிளாக். பாலையூற்றிலிருந்து சைக்கிளில் வருகிறவன். தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில், “பொம்பிளப் புள்ளயளுக்குப் பின்னச் சுட்டி படிப்பிக்கிறன்” என்று மஹ்ரூப் தொடங்கினான். சுட்டி என்பது எண்ணின் தலையில் ஏறி உட்காரும் குட்டி எண். அது பின்னமாக இருந்தால் என்ன செய்யவேண்டும் என்று தன் விதியையும் சொல்லி முடித்தான்.

பாக்கியரத்தினம் கோப்பையைக் கீழே வைத்தான்.

“ஒன்பதுக்குத் தலையில அரை. உம்மட விடை என்ன?”

“நாலரை.”

“அதை அதாலேயே பெருக்கும் பாப்பம்.”

மஹ்ரூப் விரலை மடக்கி, தரையில் கோடு போட்டு, கடைசியில் இருபதேகால் என்றான்.

“இப்ப தலையளைப் பாரும். பெருக்கேக்க தலையில உள்ளதுகளைக் கூட்டிறது. அரையும் அரையும் ஒண்டு. ஒன்பதுக்குத் தலையில ஒண்டெண்டால் வெறும் ஒன்பதுதானே ஐசே. உம்மட இருபதேகால் எந்தக் கப்பல்ல வந்தது?”

மஹ்ரூப் துறைமுகத்தைப் பார்த்தான். அங்கே நின்ற எந்தக் கப்பலும் பொறுப்பேற்க முன்வரவில்லை.

“தலையில அரை எண்டால் பாதியில்லை” என்று பாக்கியரத்தினம் சொன்னான். “தன்னைத் தானே ஒருக்காப் பெருக்கினால் ஒன்பது ஆகிற இலக்கம். மூண்டு. வர்க்கமூலம் எண்டு படிச்சமே, அதே சாமான்தான் வேற சட்டை போட்டுக்கொண்டு நிக்குது.”

அவ்வளவில் விசில் ஊதிவிட்டார்கள். பாக்கியரத்தினம் எழுந்து போனான். மஹ்ரூப் தேயிலைப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் தனியே நின்றான்.

வத்தைப் படகில் ஏற்றுவதற்காகப் பெட்டிகளை இறங்குதுறையில் அடுக்கி வைத்திருந்தார்கள். நீளத்துக்கு மூன்று, அகலத்துக்கு மூன்று, உயரத்துக்கு மூன்று. தொழிலாளர்கள் எப்போதும் அப்படித்தான் அடுக்குவார்கள். எண்ணுவதற்கு லேசு. பெட்டி பெட்டியாகத் தொட்டு எண்ணாமல், பார்த்த உடனே இருபத்தேழு என்று சொல்லிவிடலாம். மஹ்ரூப் அந்த அடுக்கை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறான். அன்றைக்குத்தான் அந்த அடுக்கு அவனைத் திரும்பிப் பார்த்தது.

தலையில் அரை என்றால் ஒரே இலக்கம் இரண்டு சேர்ந்து பெருகுவது; மூன்றில் ஒன்று என்றால் மூன்று சேர்ந்து பெருகுவது. அப்படி மூன்றாகப் பெருகி இருபத்தேழு ஆகிற இலக்கம் எது? அடுக்கின் ஓரத்தைப் பார்த்தான். ஓரத்தில் மூன்று பெட்டி. அப்படியானால் மூன்றில் ஒன்று என்பது ஓரம். மூன்றில் இரண்டு? ஓரத்தை ஓரத்தால் பெருக்கவேண்டும். அடுக்கின் முன்பக்கத்தைப் பார்த்தான். ஒரு முகத்தில் ஒன்பது பெட்டி. மூன்றில் மூன்று என்றால் முழு அடுக்கு.

ஓரம், முகம், முழுசு. மூன்று, ஒன்பது, இருபத்தேழு.

அவன் அடுக்கைச் சுற்றி வந்தான். முகத்தைத் தட்டிப் பார்த்தான். ஓரத்தைத் தடவிக் கொடுத்தான். பக்கத்தில் நாலுக்கு நாலாக அடுக்கிய வேறொரு கும்பல் நின்றது. அறுபத்துநாலு பெட்டி. ஓடிப்போய் அதன் முகத்தை எண்ணினான். பதினாறு. அதுவும் சரியாக நின்றது. மூதூர் வாத்தியார்மார் அத்தனை பேரும் சேர்ந்து மண்டைக்குள் ஏற்ற முடியாததைத் தேயிலைப் பெட்டி ஒரு நிமிஷத்தில் ஏற்றிவிட்டது. அவன் பெட்டிக்கு முத்தம் கொடுத்ததாகச் சொல்வது கட்டுக்கதை. கன்னத்தை வைத்துப் பார்த்தான், அவ்வளவுதான். வெயில் பிடித்துவிட்டதென்று கங்காணி தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

தண்ணீர் குடிக்கும்போதுதான் மற்றக் கணக்கு நினைவுக்கு வந்தது. ஒழுங்கையில் உள்ள பிள்ளைகள் எல்லோரும் இறக்கிப் பெருக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஸல்ஹாவும் இறக்கிப் பெருக்குகிறாள். பரீட்சையிலும் இறக்கிப் பெருக்குவாள். அந்தப் பக்கத்தால் அரிசி ஆலை முதலாளி வயிற்றை முன்னால் விட்டுக்கொண்டு மெதுவாக வந்து கதிரையில் இறங்குவார்.

வீட்டுக்குப் போனவன், வாயைத் திறந்தால்தானே ஆபத்து என்று எண்ணி, பல்வலி என்று கன்னத்தைப் பொத்திக்கொண்டான். சரியான விடையை இப்போது சொல்லத் தொடங்கினால், நேற்றைய விடையும் இன்றைய விடையும் ஒன்றையொன்று சேட்டுக் கொலரில் பிடித்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, றுக்கியா முன்னால் எப்படி ஒத்துக்கொள்வது? அவள் அவனை எவ்வளவு பெரிய ஆளென்று நினைத்திருக்கிறாள்.

ஆமினா உம்மா கராம்பைப் பொடித்து அவன் வாய் முழுக்க அப்பினார். நாக்கு மரத்து, காது மரத்து, கொஞ்ச நேரத்தில் மூளையும் மரத்தது. அந்த நிலையிலும் சீலையைத் தாண்டிக் கேள்வி வந்தது.

“எட்டுக்குத் தலையில மூண்டில ரெண்டாம்” என்றாள் றுக்கியா. “பேச ஏலாட்டி விரலால காட்டுங்க.”

பழைய விதிப்படி ஐந்தும் மூன்றில் ஒன்றும். மூன்றில் ஒரு விரலை எப்படிக் காட்டுவது? பொறு என்று சொல்வதற்காகக் கன்னத்தைப் பொத்திய கையை விரித்தான். பெருவிரல் கன்னத்தோடு ஒட்டிக்கொள்ள, மற்ற நாலும் நிமிர்ந்து நின்றன.

“நாலா? சரி” என்று சொல்லி அவள் போய்விட்டாள்.

மஹ்ரூப் மனசுக்குள் அடுக்கிப் பார்த்தான். எட்டுப் பெட்டியை இரண்டுக்கு இரண்டாக அடுக்கினால் முகத்தில் நாலு. விடை சரி. ஆனால் இது தற்செயல். ஒவ்வொரு முறையும் பெருவிரல் வந்து காப்பாற்றுமா?

வாய்க்கு உணர்ச்சி திரும்பியதும் அடுத்த யோசனை பிறந்தது. கடைக்குப் போய், மாமனாரைத் தனியே கூப்பிட்டு, இரகசியம் சொல்வதுபோலச் சொன்னான். பின்னச் சுட்டிக் கணக்கை இந்த வருடப் பரீட்சையிலிருந்து நீக்கிவிட்டார்களாம். துறைமுகத்தில் பெரிய இடத்துக் கதையாம். பிள்ளைகள் அதை மறந்துவிட்டு வேறு பாடம் படிப்பது நல்லது.

மருமகன் எதிர்பார்த்தது ஒரு தலையாட்டல். அபூதாஹிரோ முகம் சிவந்து எழுந்தார்.

“ராப்பகலா எங்கட புள்ளயள் படிச்சுத் தீத்த பாடத்த எடுக்க இவன்கள் ஆரு?”

கடையைப் பூட்டினார். ஒழுங்கையில் உள்ள பிள்ளைகளின் வாப்பாமார் எல்லோரையும் தொப்பி போடச் சொல்லிக் கூட்டினார். ஊர்வலமாக ஓர்ஸ் ஹில் மேட்டில் இருந்த கல்விக் கந்தோருக்கு ஏறினார்கள். ஏறும்போது ஒரு ஒழுங்கை ஆட்கள்தான். மேலே போய்ச் சேர்ந்தபோது, எதற்கென்று தெரியாமலே இரண்டு கடைத்தெருவும் ஒரு கால்பந்துக் குழுவும் சேர்ந்திருந்தன.

பின்னேரம் அபூதாஹிர் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தார்.

“கணக்குக்குப் பொறுப்பான ஐயா இரத்தினசிங்கம் எண்டு ஒருத்தர். தங்கமான மனிசன். பாடத்த எடுத்ததா அவருக்கே தெரியாதாம் மருமகன். அப்ப எங்கட மருமகன் படிப்பிக்கிற முறையப் பாருங்க, அதுக்குப் பிறகு எடுக்கிறத்தப் பத்திப் பேசுங்க எண்டு சொல்லிட்டன். ஞாயித்துக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு வாறார்.”

“எங்க?”

“வேற எங்க, இஞ்சதான். உங்கட கதிரைக்குப் பக்கத்தில அவருக்கு ஒரு கதிரை போடுவம்.”

ஞாயிற்றுக்கிழமை வருவதை மஹ்ரூபால் தடுக்க முடியவில்லை. மூதூர் லோஞ்சில் ஏறித் தப்பிவிடலாம் என்று காலையில் கரைக்குப் போனான். லோஞ்சுக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கி, பகல் சாப்பாட்டுக்குத் தனக்கும் அழைப்பு உண்டென்றும், ஆகையால் இன்றைக்கு லோஞ்ச் ஓடாதென்றும் சொன்னார்.

ஹோலில் இரவல் கதிரைகள் வரிசையாக நின்றன. வாப்பாமார் அத்தர் பூசி உட்கார்ந்திருந்தார்கள். சீலைக்குப் பின்னால் பிள்ளைகள் நெருக்கியடித்ததில், காற்றே இல்லாமல் சீலை அசைந்தது. இரத்தினசிங்கம் மெலிந்த மனிதர். கண்ணாடியும் குடையும் வைத்திருந்தார். தான் சைவம், தேத்தண்ணி மட்டும் போதும் என்றார். அவருக்கென்று புதுச் சட்டியில் சமைத்த கத்தரிக்காய்க் கறியையும் பருப்பையும் கண்டதும் அந்தக் கொள்கையைத் தளர்த்தி நன்றாகச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டுச் சாய்ந்தார்.

“சரி தம்பி, சொல்லும். இருபத்தேழுக்குத் தலையில மூண்டில ரெண்டு. பிள்ளையளுக்கு என்னெண்டு விளங்கப்படுத்தினீர்?”

மஹ்ரூப் எழுந்து நின்றான். அபூதாஹிர் சபையைச் சுற்றிப் பார்த்துப் பெருமிதமாகத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்க்கத்தான் மஹ்ரூபுக்குத் தாங்கவில்லை. இப்போதும் ஒரு பொய் இருந்தது. ‘ஒன்பது’ என்று சொல்லி உட்கார்ந்துவிடலாம். கதிரை பிழைக்கும், ஈரல் பிழைக்கும். ஆனால் சீலைக்குப் பின்னால் பதினெட்டை நம்பிக்கொண்டு ஸல்ஹா இருக்கிறாள். பரீட்சைக்கு இன்னும் நாளிருக்கிறது. இன்றைக்குச் சொன்னால் திருத்தலாம்.

“ஐயா, நான் படிப்பிச்சது முழுக்கப் பிழை” என்றான்.

ஹோலில் கதிரைகள் ஒருமுறை கிறீச்சிட்டன.

தொடங்கியபின் நிறுத்த முடியவில்லை. தனக்குக் கணக்குத் தெரியாதென்றும், ஒருபோதும் சித்தியடையவில்லையென்றும், மூன்றில் இரண்டை இறக்கிப் பெருக்கிப் பதினெட்டென்று சொன்னதாகவும், பரீட்சையிலிருந்து பாடத்தை நீக்கிய கதை தான் கட்டியதென்றும், பல்வலிகூட இல்லையென்றும் ஒரே மூச்சில் சொன்னான். பல்வலி இல்லையென்றபோது உள்ளேயிருந்து ஆமினா உம்மா, “என்ட கராம்பு” என்று முனகினார்.

அபூதாஹிர் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகட்டில் ஒன்றுமில்லை.

“அப்ப சரியான விடை என்ன?” என்று இரத்தினசிங்கம் கேட்டார்.

மேசையில் சதுரமாக வெட்டிய மஸ்கட் இனிப்புத் துண்டுகள் தட்டம் நிறைய இருந்தன. மஹ்ரூப் அவற்றை எடுத்து அடுக்கத் தொடங்கினான். நீளத்துக்கு மூன்று, அகலத்துக்கு மூன்று, உயரத்துக்கு மூன்று. அடுக்கிக்கொண்டே சொன்னான். இது ஓரம், மூன்றில் ஒன்று. இது முகம், மூன்றில் இரண்டு, ஒன்பது துண்டு. இது முழுசு. இரண்டுக்கு இரண்டாக எட்டை அடுக்கினால் முகத்தில் நாலு வரும். நாலுக்கு நாலாக அறுபத்துநாலை அடுக்க மஸ்கட் போதாது, ஆனால் முகத்தில் பதினாறு வரும். இறங்குதுறையில் எந்த நாளும் காட்டத் தயார் என்றான்.

வாப்பாமார் எழுந்து வந்து மேசையைச் சூழ்ந்தார்கள். லோஞ்சுக்காரர் விரலால் ஒவ்வொரு முகமாக எண்ணிப் பார்த்து, எல்லாப் பக்கமும் ஒன்பதுதான் என்று சாட்சி சொன்னார். இரத்தினசிங்கம் குனிந்து அடுக்கைச் சுற்றிலும் பார்த்தார். பிறகு மூலையில் இருந்த ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். அடுக்கு சரிந்தது.

“விளக்கம் சரி” என்றார் மென்றபடி. “பதினெட்டுக்காக வெக்கப்படாதையும். படிக்கிற காலத்தில நானும் பதினெட்டெண்டு எழுதி அடி வாங்கினனான். மூண்டில ரெண்டைக் கண்டால் ஆருக்கும் முதல்ல பெருக்கத்தான் கை போகும்.”

அபூதாஹிர் முகட்டிலிருந்து கண்ணை இறக்கினார். அதிகாரியே வாங்கிய அடி என்றால் அது கௌரவமான அடிதானே. மருமகனின் தோளில் கைவைத்து, “பிழைய ஒத்துக்கொள்ளவும் ஒரு மூளை வேணும்” என்று சபைக்குக் கேட்கச் சொன்னார். அவருடைய கடை அளவுகோல் மறுபடி வேலை செய்யத் தொடங்கியது. சபையும் ஓமோம் என்றது. மஹ்ரூபின் நெஞ்சிலிருந்து ஒரு கப்பல் தேயிலை இறங்கியது. அவன் சாய்வுக் கதிரையில் உட்காரவில்லை. விழுந்தான்.

“ஆனால் அதுக்குள்ள ஆறுதலா இருக்கப்படாது” என்று இரத்தினசிங்கம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சீலைப்பக்கம் திரும்பினார். “இந்தத் தம்பி சொன்ன பிழையெல்லாம் உங்கட கொப்பியளில இருக்கும். எல்லாத்தையும் வெட்டித் திருத்த வேணும். பதினெட்டெண்டு எழுதின பிள்ளையள் எல்லாரும் அதை முதல்ல வெட்டுங்கோ.”

சீலைக்குப் பின்னால் கொப்பிகள் புரளும் சத்தம் கேட்டது. ஒன்றும் வெட்டுகிற சத்தம் கேட்கவில்லை. குசுகுசுப்பு எழுந்தது. ஏனோ றுக்கியா அந்த நேரம் பார்த்து வட்டிலாப்பம் எடுக்கக் குசினிக்கு விரைந்து போனாள்.

நஜ்முன் நிஸாவின் குரல் சீலையைத் தாண்டி ஹோலுக்குள் வந்தது.

“பதினெட்டெண்டு ஆரு மச்சான் சொன்ன? நீங்க சொன்னயெண்டு றுக்கியா ராத்தா வந்து ஸல்ஹாக்கு மொத நாளே ஒம்பதெண்டுதானே சொல்லிக் குடுத்த!”